யார் தயவும் இல்லாமல்

"அப்பா இந்தத் தடவை அவரே எடிட் பண்ணிட்டாராம். சரியா இருக்கான்னு மட்டும் ஒரு தரம் பாத்துச் சொல்லுங்க. இனிமே உங்களுக்குத் தொல்லை இல்ல."

பென்டிரைவைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு மனைவி சொன்னாள்.

தொல்லை விட்டது என்று நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை.

மாமனார் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். தன் தப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் இணையத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். தொடரின் பெயர், 'யார் தயவும் இல்லாமல் நீங்களே வீடியோ எடிட்டிங் செய்யலாம்'.

அதை எடிட் செய்து கொடுப்பவன் நான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவனுக்கு இது பெரிய வேலையில்லை. சிக்கல் வேறு. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம், கார். நான் காரைப் பின்னால் எடுத்தேன். அவர் பின்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி "வரலாம், வரலாம்" என்றார். வந்தேன். கேட் தூணும் வந்தது.

நிறுத்தச் சொன்னேன் என்பது அவர் கட்சி. அப்படி ஒரு சத்தம் இந்த உலகத்திலேயே எழவில்லை என்பது என் கட்சி. அன்றிலிருந்து அவர் வீட்டுப் பக்கம் நான் போவதில்லை, என் வீட்டுப் பக்கம் அவர் வருவதில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நடுவில் பென்டிரைவைச் சுமந்து சுமந்து என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

முதல் பாடத்தின் நடுவில் இருமிவிட்டு, கேமராவைப் பார்த்து, "எடிட் செய்பவர் கவனத்திற்கு: இது நீக்கப்பட வேண்டும்" என்றார். ஏதோ எனக்கு மெமோ கொடுப்பதுபோல இருந்தது. நீக்கினேன்.

மூன்றாவது பாடத்தில் தும்மிவிட்டு, "இத வெட்டிடுங்க மாப்ள" என்றார். வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன். தவறவில்லை. அதற்கப்புறம் எல்லாமே மாப்ளதான்.

பிறகு இருமலும் தும்மலும் இல்லாமலே வெட்டுவதற்குச் சரக்கு சேர ஆரம்பித்தது. பாடத்தை நிறுத்திவிட்டு, ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று கேட்பார். முட்டிவலிக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பார். என் மனைவி சின்ன வயதில் பல்லி விழுந்ததற்கு ஊரைக் கூட்டிய கதையைச் சொல்லித் தானே சிரிப்பார். கடைசியில், "சரி, இதெல்லாம் வெட்டிடுங்க."

பாடம் பத்து நிமிஷம் என்றால் வெட்டவேண்டியது இருபது நிமிஷம். தலையெழுத்து என்று மனைவியிடம் முணுமுணுத்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன்.

இப்போது அவரே எடிட் செய்துவிட்டார்.

ஓடவிட்டேன். தலைப்பு வந்தது, இசை வந்தது, மாமனார் வந்தார். கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை அழித்துவிட்டு எம்.பி.4 என்று தட்டினால் கன்வர்ட் ஆகிவிட்டது என்று சாதித்த மனிதர் இவர். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? அவரே இன்று முறையாகக் கன்வர்ட் செய்திருந்தார். படம் பளிச்சென்று இருந்தது.

ஒரு இருமல் இல்லை. ஒரு மாப்ள இல்லை.

எங்கெங்கே வெட்டியிருக்கிறார் என்று தொழில்காரனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வெட்டும் கச்சிதம். அந்த இடங்களில் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் தெரியவில்லை. "நன்றி, வணக்கம்" என்று கும்பிட்டார். திரை கறுத்தது. கறுத்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருத்தமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வருத்தமாக இருந்தது.

"ஓடலன்னு சொல்லு. கன்வர்ட் பண்ணதுல ஏதோ கோளாறு. வெட்டாத ஒரிஜினல் இருந்தா அனுப்பச் சொல்லு" என்றேன்.

மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இசை அவள் காதிலும் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சொன்னாள்.

போச்சு, என்ன கோளாறு, எந்த இடத்தில், ஆதாரம் எங்கே என்று பிடித்துக்கொள்ளப்போகிறார் என்று பயந்தேன்.

"ஓடலையா? என் தப்புதாம்மா. எனக்கென்ன தெரியும் இதப் பத்தி? இரு, நானே கொண்டாறேன்."

மனைவி போனைத் திருப்பி அப்பாவின் நம்பர்தானா என்று சரிபார்த்தாள். என் தப்பு என்று அவர் சொல்லி அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லையாம்.

முட்டிவலிக்காரர் அத்தனை சீக்கிரம் வருவார் என்று யார் கண்டது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது, மறுபடி ஓடவிட்டிருந்த திரையில் அவர் கும்பிட்ட கையோடு நின்றிருந்தார். அவசர அவசரமாக மூடினேன்.

உள்ளே வந்தார். முகத்தைப் பார்க்காமல் ஒரு பென்டிரைவை என் கையிலேயே கொடுத்தார். புதுசு. ஒட்டிய விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

செருகித் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு கோப்புகூட இல்லை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளதான் இருக்கும் மாப்ள. நிதானமாத் தேடுங்க."

"தேடுவோம் மாமா" என்றேன்.

வெகுநேரம் தேடினோம்.