மலர்க்கொடியின் இரண்டாவது காய்ச்சல்

பெரம்பலூர்ப் பக்கம் வயல்வேலை செய்யும் மலர்க்கொடிக்கு, மண்ணிலிருக்கும் கிருமியால் வரும் காய்ச்சல் இரண்டாம் முறையும் வந்தது. பழைய கிருமியே திரும்பியதா, புதிதாகத் தொற்றியதா என்று ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் மரபணு வகை பார்த்தவள் அங்கே வேலை செய்யும் அவளுடைய மகள் வெற்றிச்செல்வி. பழையதோடு பொருந்தவில்லை. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து, ஆறு வருடத்துக்கு முன் இதே காய்ச்சலில் இறந்த தன் தம்பி விக்கியிடமிருந்து எடுத்துவைத்திருந்த கிருமியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அம்மா அரியலூருக்குப் போனதே இல்லை. மூன்று முறை சோதித்தும் முடிவு மாறவில்லை.

காய்ச்சல் விட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மலர்க்கொடி பூரிப்போடு பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பினாள்.

"எம்பொண்ணு கண்டுபுடிச்சிட்டா, பாத்தீங்களா? போன மாசம் நடவுல எங்கூட நின்னப்பவே விக்கி சொன்னான், அக்கா கண்டுபுடிச்சிரும்னு."