அட்டையில் ஒட்டிய அறை

கோட்டைக்குப்பத்தில் கோமளாவின் மாமனார் ஏகாம்பரம், பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போய் இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். அவர் போனதும் அந்த அறையை எப்படி மாற்றலாம் என்று, அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து ஓர் அட்டையில் படங்களை வெட்டி ஒட்டினாள் கோமளா. மஞ்சள் சுவர், பூப்போட்ட திரை, சோபா.

"கட்டில் எங்க?" என்றான் கணவன் தேவராஜ்.

"அது இன்னாத்துக்கு? உங்க நைனாவோட அதுவும் போயிடும்ல."

மறுநாள் காலை, சோபாவின் மேல் ஒரு கட்டில் படம் ஒட்டியிருந்தது. அதில் கோமளா படுத்திருந்தாள். கிழிக்கப் போனாள், கை எழவில்லை. கத்தப் பார்த்தாள், குரல் வரவில்லை. அப்படியே தரையில் சரிந்தாள்.

ஏகாம்பரம் எழுந்தார். விரிப்பை உதறிக் கட்டிலில் மறுபடி விரித்தார்.

"தேவா, ஒரு கை புடிடா."

தேவராஜ் வந்தான். ஒன்றும் கேட்காமல் அவள் கால்களைப் பிடித்துத் தூக்கினான்.