மாதிரிக் கத்தி

"ஏங்க, இந்தக் கத்தி கோணிக்கிட்டுப் போவுது. வந்து பாருங்க."

மணிமொழி சொன்னது காதில் விழுந்தும் முத்தமிழ்செல்வன் உலையை விட்டு நகரவில்லை. சிரித்தான். மூன்று நாளாகவே அப்படித்தான், தலைப்பிள்ளை பிறக்கப்போகிறவன் மாதிரி தானாகச் சிரித்துக்கொண்டு திரிகிறான்.

இன்னும் அரை மணியில் சுகன்யா மேரி வந்துவிடுவார். ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். திருமானூரில் புதிதாகச் சமையல்கூடம் திறக்கிறார். போன வாரம் தன் பழைய கத்தியை மாதிரிக்குக் கொடுத்து, "முதல்ல எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி. புடிச்சிருந்தா ஆளுங்களுக்கு நாப்பது சொல்றேன்" என்று போயிருந்தார். குரும்பலூரில் பட்டறை போட்ட ஆறு வருஷத்தில் இப்படி ஓர் ஆர்டர் வந்ததே இல்லை. மணிமொழி அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அழகில் குறை சொல்ல முடியாது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அலகு முகம் பார்க்கலாம் போல மின்னியது. அரும்பாவூரிலிருந்து வாங்கி வந்த வாகை மரத்தில் கைப்பிடி. அதைச் சுற்றி ஒரு திராட்சைக் கொடியை அவனே செதுக்கியிருந்தான். எல்லாம் சரி, கத்தி என்றால் வெட்ட வேண்டாமா?

மணிமொழி இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்து நறுக்கினாள். மெல்லிசாகத் தொடங்கிய வில்லை தடியாக முடிந்தது.

"பெருவிரல் வைக்கிற குழின்னு ஒண்ணு செதுக்கியிருக்கீங்களே, அதுல என் விரலே உக்கார மாட்டேங்குது. கைப்பிடி வேற உள்ளங்கையில குத்துது."

"உனக்கா செஞ்சேன்?"

டீ கொண்டுவந்த பக்கத்துக் கடை அரியமுத்து, தானும் வெட்டிப் பார்த்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போய்ப் பலகையில் இறங்கியது.

"தம்பி, இதுல காய் அறுபடுமோ என்னமோ, விரல் நிச்சயம் அறுபடும்" என்று சொல்லிவிட்டு, காலி டம்ளர்களோடு நழுவினார்.

மணிமொழிக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னும் நேரம் இருக்கு. மறுபடி சாணை புடிச்சுடுங்க."

"மாட்டேன்."

"ஏன்னாவது சொல்லுங்க. நாப்பது கத்திங்க."

"அது நான் சொல்ற விஷயமில்ல மணி. அவங்க வரட்டும்."

வாசலில் கார் நின்றது. சுகன்யா மேரி உள்ளே வந்ததும் வராததுமாக, "எங்க தம்பி என் கத்தி?" என்றார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். முத்தமிழ்செல்வன் அதைப் பலகைமேல் வைத்துவிட்டு ஒதுங்கினான்.

"அம்மாடி, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்று எடுத்தவர், ஒரு தக்காளியை வைத்து வெட்டினார்.

கத்தி கோணியது. தக்காளி நசுங்கிச் சாறு தெறித்தது.

போச்சு. மணிமொழி முந்திக்கொண்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டே நாள்ல வேற ஒண்ணு..."

"இரும்மா." சுகன்யா மேரி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்த விரல் அந்தக் குழியில் நின்றுவிட்டது. நிமிர்ந்து முத்தமிழ்செல்வனைப் பார்த்தார்.

"என் பழைய கத்தியில என்ன பாத்தீங்க தம்பி?"

"தேஞ்ச பக்கத்தப் பாத்தேன்க்கா."

அவர் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா ஆளுங்க எதுத்தாப்ல நான் கத்தியே தொட்டதில்ல. யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லலக்கா."

"சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எவன் நம்மள நல்லது கெட்டதுக்குச் சமைக்கக் கூப்புடுவான்? எங்கம்மாவே இதுக்காகச் சூடு வச்சவங்கதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் கதவ கொஞ்சம் சாத்தும்மா."

ஒன்றும் புரியாமல் மணிமொழி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். சுகன்யா மேரி இன்னொரு தக்காளியை எடுத்து வைத்து, கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வில்லைகள் ஒரே கனத்தில் மளமளவென்று சரிந்து விழுந்தன.