பச்சைப் புள்ளி

பத்தொன்பது வயதில் வனமாலையின் மார்புக்குள் வளர்ந்த புற்றுக்கட்டியைக் கதிர்வீச்சுக் கொடுத்துக் கரைத்தார்கள். கதிர் விழவேண்டிய இடத்துக்கு அடையாளமாகக் குத்திய பச்சைப் புள்ளி தோலில் அப்படியே தங்கிவிட்டது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அவளும் கல்லூரிக்குப் போன பிறகு, ஒருநாள் குளிக்கும்போது புள்ளிக்குக் கீழே விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

"பழசு திரும்பி வந்துடுச்சா டாக்டர்?"

"இல்லம்மா, இது புதுசு. அன்னைக்குக் குடுத்த கதிர்வீச்சால வந்திருக்கலாம். சில பேருக்கு இத்தன வருஷம் கழிச்சும் வரும்."

வனமாலைக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பழைய கதிர்வீச்சு அறைதான் நினைவுக்கு வந்தது. எல்லோரும் வெளியேறிக் கதவை மூடிய பின், குளத்தின் அடியில் கிடப்பதுபோல் தனியாகக் கிடந்தாள். எதுவும் தொடவில்லை, சுடவில்லை. எங்கோ ஒரு வண்டு மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க, இல்ல?"

"குடுத்திருப்போம்மா. இல்லன்னா நீங்க அந்த வருஷத்தத் தாண்டியிருக்க மாட்டீங்க."

வெளியே மகள் நிறைமதி எழுந்து ஓடிவந்தாள். "என்னம்மா சொன்னாங்க?"

வனமாலை அவள் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"நீ பொறந்துட்டடி," என்றாள்.