இலைக்கொத்து கட்டிய வாசல்

கைபேசிக்குள் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. எமில்டா அதைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, புலம்பெயர்ந்து வந்த மிச்சம் நகரத்து வீட்டுச் சமையலறையில் தேநீர் ஆறிப்போவதைக்கூடக் கவனியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வளைவுதானாம்," என்றார் கணவர் யேசுரட்ணம், வியட்நாமின் வடக்கு மலையிலிருந்து. "தெரியுதே?"

"ஓம்."

எட்டு மாதத்துக்கு முன் இதே பாதையில்தான் அவர்களின் ஒரே மகன் ஜெஸ்ரின் வாடகை மோட்டார் சைக்கிளில் போனான். மழை பெய்து வழுக்கிக் கிடந்த வளைவு. அன்று வந்த தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எமில்டா அழவேயில்லை. நெஞ்சு மரத்துப்போயிருந்தது.

போன ஞாயிறு கோயிலில் ஜெஸ்ரினுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பூசைக்கு வந்த மெற்றில்டா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் அவரோடு கூடப் போய்வந்தால் மனம் ஆறுமே பிள்ளை என்றாள். "வீட்டில ஒராள் நிக்க வேணும் அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு எமில்டா பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வளைவுக்குக் கீழே ஹ்மோங் என்ற மலையினத்துக் குடும்பம் ஒன்றின் வீடு இருந்தது. வீட்டுக்காரி அன்று எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டுவரத்தான் யேசுரட்ணம் இத்தனை தூரம் போயிருந்தார். அது கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் இனி ஒருவராலும் நிம்மதியாக மூச்சுவிட ஏலாது என்று எமில்டாவுக்குத் தெரியும்.

கார் ஓட்டிய பாவோவும் ஹ்மோங் ஆள்தான். வழியில் கூடை சுமந்து நடந்த ஒருவரையும் அவன் விட்டுவிட்டு வரவில்லை. ஒரு கிழவியை ஏற்றியபோது அவளுடைய கோழி யேசுரட்ணத்தின் மடியில் வந்து குந்திக்கொண்டது. கோழிக்கும் ரிக்கற் உண்டோ என்று கேட்டாராம். பாவோ மலை ஏறும் வழியெல்லாம் சிரித்தானாம். முந்திய எமில்டா என்றால் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்திருப்பாள். இப்போது ஸ்வெற்றர் போட்டாரா என்று மட்டும் கேட்டாள்.

கார் நின்றது. மரவீட்டின் கதவில் பச்சை இலைக்கொத்து ஒன்று கட்டித் தொங்கியது. பாவோ இயந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்காமல், ஏதோ மெல்லச் சொன்னான். யேசுரட்ணம் அதைத் தமிழில் சொன்னார். இலை கட்டியிருந்தால் உள்ளே சடங்கு நடக்கிறதாம். மூன்று நாளைக்கு வெளியார் வாசற்படி தாண்டக் கூடாதாம்.

"எங்களுக்கெண்டு கட்டினதோ?"

"இல்லை எமில்டா. ஊர் வழக்கமாம். நாளைக்குப் பிளேன். நான் என்ன செய்ய?"

அவளுக்கு ஏமாற்றம்கூட வரவில்லை. கொடுத்துவிட்ட கம்பளிச் சால்வையை வெளியில் வைத்துவிட்டு வாருங்கள் என்றாள். அந்த வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று தெரியாமல் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிய சால்வை அது.

யேசுரட்ணம் பார்சலோடு குனிந்தபோது கதவு திறந்தது.

வெளியார் உள்ளே போகக் கூடாது என்பதுதான் வழக்கம். உள்ளே இருப்பவள் வெளியே வருவதற்குத் தடை இல்லை. வீட்டுக்காரி இரண்டு சின்ன மரமுக்காலிகளோடு தெருவுக்கே வந்தாள். ஒன்றைத் தன் மேலங்கியால் துடைத்து யேசுரட்ணத்துக்குப் போட்டாள். துணிக்குச் சாயம் தோய்த்த அவளுடைய கைகள் மணிக்கட்டு வரை நீலமாய் இருந்தன.

பிறகு அவள் கைபேசியைக் கேட்டு வாங்கினாள். திரையில் எமில்டாவின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. எமில்டா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் பாவோவிடம் ஏதோ கேட்டாள். பாவோ அதை ஆங்கிலத்தில் யேசுரட்ணத்திடம் சொன்னான். யேசுரட்ணம் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"என்னவாம்? சொல்லுங்கோவன்."

"அண்டைக்கு அந்தச் சைக்கிளில அடிபட்டுத் தன்ர மகள்தான் இல்லாமல் போயிட்டாள், தப்பின உங்கட பெடியனாவது இப்ப இரவில நித்திரை கொள்ளுறானோ எண்டு கேக்கிறா."