ஆறு பெயர்கள் உள்ள தாள்

போர் தொடங்கி மூன்றாவது நாள் காலை, எண்ணூரில் ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில் காவலாளி பாஸ்கல் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதில் பெயர் இருப்பவர்களின் போனைச் சோதித்த பிறகே உள்ளே விடவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆறு பெயர்கள், ஆறு பேருமே முஸ்லிம்கள். கடைசிப் பெயருக்குரிய மொஹ்சின், பதினோரு வருடமாகப் பாஸ்கலோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடும் கிரேன் மெக்கானிக், எதிரே நிற்கிறான். பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. தூசியில் வெயில் மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. மொஹ்சின் போனைத் திறந்து நீட்டியபடியே, "சாவியோ பேசுனானா மாமு?" என்று கேட்கிறான். ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் இருக்கும் பாஸ்கலின் மகனிடமிருந்து இரண்டு நாளாகப் போன் இல்லை. பாஸ்கல் இல்லையென்று தலையசைக்கிறான். சுவருக்கு அப்பால் கேஸ் டேங்குகள் வெள்ளையாக மின்னுகின்றன. ஒன்று வெடித்தாலும் சுற்றுவட்டாரம் மிஞ்சாது என்று பயிற்சியில் சொன்னது பொய்யில்லை. போன் திரையில் மொஹ்சினின் மகள் நவ்ரீன் பள்ளிச் சீருடையில் சிரிக்கிறாள். பாஸ்கலின் கட்டைவிரல் அவள் முகத்துக்கு மேலே அப்படியே நிற்கிறது. "நீ இன்னா தேடுறன்னு சொல்லு மாமு, நானே எட்த்துத் தரேன்." கோபத்தில் சொல்கிறானா, உதவத்தான் சொல்கிறானா, பாஸ்கலுக்குப் புரியவில்லை. "இன்னா தேடணும்னு அவங்க சொல்லலியேடா" என்கிறான்.