முப்பத்தெட்டு அடி

குளியலறைக்குள்ளிருந்து வென்போ குரல் கொடுத்தான், டெலிவரிக்காரன் கூப்பிட்டால் தன் போனைக் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லி. காலைக்கான நூடுல்ஸ் வழியில் வந்துகொண்டிருந்தது.

ஷுவாங் புருஷனின் போனைக் கையில் எடுத்தாள். டெலிவரிக்காரன் கூப்பிடவில்லை. சிவப்பாக ஒரு இதயம்தான் வந்து நின்றது.

யார் இன்று எத்தனை அடி எடுத்து வைத்தார்கள் என்று வீசாட் செயலியில் ஒரு பட்டியல் வருமே, அதில்தான். 'அமைதி நீர்' என்று ஒருத்தி. வென்போவின் நடையை மெச்சி இதயம் போட்டிருந்தாள். மணி ஏழு ஐந்து.

கண் விழித்ததும் முதல் வேலையே என் புருஷனா?

பேரைப் பார், பேரை. படத்துக்கு ஒரு வெள்ளைத் தாமரை வேறு. பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுத்தவள் குடும்பத்தில் புகுகிறவளை வெள்ளைத் தாமரை என்றுதான் ஊரே திட்டுகிறது. இவள் அதையே படமாகப் போட்டிருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்.

ஷுவாங் பழைய நாட்களைத் தள்ளிப் பார்த்தாள். நேற்று ஒரு இதயம். முந்தாநாள் ஒன்று. அவள் போட, இவன் திருப்பிப் போட, எட்டு மாதமாக ஒரு நாள் தப்பவில்லை.

ஷுவாங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆன்லைன் ஆர்டருக்குச் சாமான் எடுத்துக் கட்டும் கிடங்கில் அவளுக்கு வேலை. நாளுக்குப் பதினெட்டாயிரம் அடி நடக்கிறாள். அவன் பட்டியலில் தினமும் முதலிடம் அவளுக்குத்தான். ஒரு நாளாவது ஒரு இதயம் உண்டா? கேட்டதற்கு, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு அதெல்லாம் எதற்கு என்று சிரித்தான், ஊமைக்கோட்டான்.

இந்த மகாராணி இன்று நடந்திருப்பது முப்பத்தெட்டு அடி. அதற்கு ஒரு பாராட்டு.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தாள். வசந்த காலத்தில் மூவாயிரம் நடந்திருக்கிறாள். கோடையில் ஆயிரம். இந்த மாதம் எந்த நாளும் முந்நூறைத் தாண்டவில்லை.

மாதா மாதம் எந்தப் பெண்ணுக்கு நடை குறையும்?

ஷுவாங் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம். அவள் வயிற்றில் இன்னும் ஒன்றும் தங்கவில்லை.

அரட்டையைத் திறந்தாள். எல்லாம் துடைத்திருந்தது. நேற்றைய இரண்டு வரிதான் மிச்சம்.

அவளுக்கு மட்டும் தெரிய வேணாம், என்று அந்தத் தாமரை எழுதியிருந்தது. சொல்ல மாட்டேன், ரொம்ப நடக்க வேணாம், என்று இவன்.

அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது. இந்த ஆளுக்காகப் பெற்றவளையே உதறியவள் அவள். ஏற்கெனவே விவாகரத்தானவன், உன்னைவிட எட்டு வயது மூத்தவன், நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவான் என்றாள் அம்மா. அன்றே அவன் கண்ணெதிரில் அம்மாவைப் போனில் பிளாக் பண்ணிப் போட்டாள். ஒரு புத்தாண்டுக்குக்கூட அதை எடுக்கவில்லை. இப்போது அம்மா சொன்னதே பலித்துவிட்டது என்பதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்கவில்லை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவசர அவசரமாக அந்தத் தாமரையின் கணக்கைத் தன் போனுக்கு அனுப்பினாள். நட்புக் கோரிக்கையோடு நாலு வரி எழுதலாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் தயாராகவே இருந்தது.

தன் போனில் அதைத் தொட்டாள்.

கோரிக்கை அனுப்பும் பொத்தானைக் காணோம். இவர் ஏற்கெனவே உங்கள் தடுப்புப் பட்டியலில் இருக்கிறார் என்றது போன்.

அதே வெள்ளைத் தாமரை. ஆனால் இங்கே 'அமைதி நீர்' என்று கொட்டை எழுத்தில் இல்லை. எந்தக் காலத்திலோ ஷுவாங் தன் கையால் பதிந்துவைத்த பெயர் இருந்தது.

அம்மா.

அறுபது தாண்டிய பெண்களில் பாதிப்பேர் தாமரையைத்தான் படமாக வைத்திருக்கிறார்கள். அது எப்படித் தோன்றாமல் போயிற்று?

எரிச்சல் இத்தோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை, கூடிற்று. யாருக்காக யாரைப் பகைத்தாளோ, அந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அவளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு எட்டு மாதமாக இதயம் போட்டு விளையாடுகிறார்கள். தன் அம்மா காலையில் எழுந்துவிட்டாள் என்பது இவனுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் அந்த முப்பத்தெட்டு அவளுக்கு உறைத்தது.

அவள் பிறந்து வளர்ந்த வீடு. அம்மாவின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பத்தொன்பது அடி. போய் வந்தால் முப்பத்தெட்டு.

மூவாயிரம். ஆயிரம். முந்நூறு.

வென்போ தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். நூடுல்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டான்.

"இல்ல. உன் மாமியார்," என்றாள் ஷுவாங். "எங்கம்மா ஏன் இப்பல்லாம் நடக்கறதே இல்ல?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.